ஊருக்கு அடியில் நடந்த மாடு

கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூரிலிருந்து நான் திருவண்ணாமலைக்கு வந்தபோது என்னோடு ஒரு பசுவும் வந்தது. பீரோ, கட்டில், பாத்திர பண்டங்களோடு அதையும் ஒரே டெம்போவில் ஏற்றி அனுப்பினார் அப்பா. செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு. செவலை என்றே கூப்பிடுவோம். கோயிலுக்கு வடமேற்கே, மலை எழத் தொடங்கும் இடத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. பின்பக்கம் மாடு கட்ட இடம் இருந்தது. காலையில் பால் கறந்து அவிழ்த்து விட்டால், தெரு மாடுகளோடு அடிவாரத்தில் மேய்ந்துவிட்டு அதுவே பொழுது சாய்வதற்குள் வந்து நிற்கும்.

அந்த மாடு வந்ததில் சந்தோஷப்படாத ஒரே ஆள் என் கணவரின் அக்கா. நாலு வீடு தள்ளி இட்லிக் கடை வைத்திருந்தார். குரல் தெருமுனைவரை கேட்கும். "உங்கப்பா பொண்ணக் குடுத்தாரு சரி, சாணி அள்ற வேலைய எதுக்குக் கூடக் குடுத்தாரு?" என்று வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே கேட்பார். நான் பதில் பேச மாட்டேன். அவரை அண்ணி என்று கூப்பிடுவேன், அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஆனால் கடையில் சேரும் கழுநீரை அவர் வேறு எந்த மாட்டுக்கும் ஊற்றியதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம். விடாமல் பெய்த மழை அன்று காலை ஓய்ந்திருந்தது. என் கணவர் வேன் ஓட்டுபவர், திருப்பதி சவாரிக்குப் போயிருந்தார். நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது, அடிவாரத்தில் வறட்டி தட்டும் அம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"உன் மாட்ட நாய்ங்க தொரத்திச்சும்மா. பயந்துனு ஓடையில எறங்கிடுச்சு. நானும் நின்னு பாத்துனுகீறேன், மேல ஏறவே இல்ல."

அந்த ஓடையை நான் தினம் பார்ப்பேன். மலையில் பெய்யும் மழை செம்மண் கலந்து அதில் இறங்கி வரும். இரண்டு பக்கமும் கல் அடுக்கிய கரை. அது முடிகிற இடத்தில், புதர் மண்டிய ஒரு செங்கல் வளைவு. தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும். எங்கே போகிறது என்று நானும் கேட்டதில்லை, தெருவில் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. தெருவைக் கடக்கிற ஒரு சின்னப் பாலம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

புதரில் ஒரு மாடு நுழைந்த வழி தெரிந்தது. வளைவுக்குள் குனிந்து பார்த்தேன். இருட்டு. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் வந்து மோதியது. "செவலே!" என்று கத்தினேன்.

பதில் வந்தது. எங்கள் மாட்டின் குரல்தான், ஆனால் மலையே கத்தினது போல அத்தனை பெரிதாக வந்தது. பின்னாலேயே கழுத்து மணிச் சத்தம். அது நெருங்கி வரவில்லை, தள்ளித் தள்ளிப் போனது.

அதற்குள் அண்ணி மாவுக் கையோடு வந்துவிட்டார். குனிந்து காது கொடுத்தார். "உள்ள திரும்பறதுக்கு எடம் இல்ல போல. மாடு பின்னால நடக்காது. முன்னாடியேதான் போவும்."

"எங்க அண்ணி போவும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? சத்தத்த உடாத, வா."

இப்படித்தான் நாங்கள் இருவரும் ஊருக்கு மேலே நடக்க ஆரம்பித்தோம். மாடு ஊருக்குக் கீழே நடந்தது.

முதலில் சைக்கிள் கடை. அங்கே தரையில் ஒரு பழைய இரும்புக் கம்பி மூடி இருந்தது. கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். எங்களைக் கண்டதும், "அக்கா, அடியில மாடு கத்துது, உண்மையா, நான் குடிக்கல," என்றார். அண்ணி அவரைச் சட்டை செய்யாமல் மூடியில் காதை வைத்தார். மணிச் சத்தம் கிழக்கே போனது.

தெரு அங்கே இடதுபுறம் வளைகிறது. சத்தம் வளையவில்லை. நேராக வீடுகளுக்கு அடியில் போனது. நாங்களும் நேராகப் போனோம். முன்பின் பார்த்திராத வீட்டு வாசலில் அண்ணி நின்று, "எங்க மாடு உங்க வூட்டுக்கு அடியில கீது, கொஞ்சம் வழி உடுங்க," என்பார். ஒரு வீட்டில் துணி துவைக்கிற இடத்தின் தூம்பு ஓட்டை வழியாகச் சத்தம் வந்தது. இன்னொரு வீட்டில் அடுப்பங்கரையில் நின்ற பெண், ஏதோ பேய் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தாள். அந்த ஓட்டைகள் வழியாகத் தங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கேயோ போகிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அதற்குக் கீழே ஒரு மாடு நடக்கிற அளவுக்கு இடம் இருக்கிறது என்று அவர்கள் நம்பவே வெகுநேரமானது. அதற்குள் அவர்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஓர் ஆரம்பப் பள்ளிக்கு வந்தோம். டீச்சர் விஷயத்தைக் கேட்டதும் உதட்டில் விரல் வைத்தார். வகுப்பு முழுக்க அமைதியானது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குப்புறப் படுத்துச் சிமெண்டுத் தரையில் காதை ஒட்டிக்கொண்டார்கள். கதவோரம் படுத்திருந்த பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அடுத்த வரிசையில் ஒரு கை. பிறகு அதற்கடுத்த வரிசை. அந்தக் கைகள் எழுந்து எழுந்து ஜன்னல்வரை போனதைப் பார்த்தபோது, என் மாடு அந்தப் பிள்ளைகளின் வயிற்றுக்கு அடியில் நடந்து போவது எனக்குக் கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது.

பள்ளிக்குப் பின்னால் ஒரு மெஸ். அதன் கொல்லையில் சத்தம் நின்றது. மணி மட்டும் நகராமல் ஒரே இடத்தில் கிணுகிணுத்தது. அங்கே பாத்திரம் தேய்க்கப் போட்டிருந்த பெரிய பலகைக் கல்லுக்கு அடியிலிருந்து மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

மெஸ்ஸில் வேலை செய்தவர்கள் கடப்பாரை கொண்டுவந்து கல்லை நெம்பினார்கள். கல் நகர்ந்ததும் கீழே செவலையின் முதுகு தெரிந்தது. என்னைப் பார்த்து அது ஒருமுறை கத்தியதில் சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

கயிறு கட்டித் தூக்கலாம் என்றார் ஒருவர். ஓட்டை அதற்குப் போதாது, தோளே நுழையாது. ஃபயர் சர்வீஸைக் கூப்பிடலாம் என்றார் இன்னொருவர். அப்போதுதான் யாரோ மலையைக் காட்டினார்கள். உச்சியைக் காணவில்லை. மேகம் பாதி மலைவரை இறங்கிக் கறுத்து நின்றது. மேலே பெய்ய ஆரம்பித்தால் தண்ணீர் நேராக இதற்குள்தான் வரும். சமையல்காரர் சொன்னார்: "கெழக்கால கொளத்துக் கரையில இதே மாதிரி ஒரு வளைவு கீது. ஆளு நிமுந்து போலாம். அதுதான் இதோட கடைசியா இருக்கணும்." இரண்டு மூன்று பேர் கொடுவாளை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் ஓடினார்கள், அங்கே முள்ளோ குப்பையோ அடைத்திருந்தால் வெட்டி எடுக்க.

மாட்டை ஓட்டிப்போக யாராவது இறங்க வேண்டும். செவலை புது ஆளைக் கண்டால் முட்டும். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெஸ்காரர்கள் இறக்கிய ஏணியில் கால் வைத்தேன். இரண்டு படி இறங்கியதும் ஏணி இன்னும் ஒருமுறை ஆடியது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணி.

"நீங்க எதுக்கு அண்ணி?"

"நீ முன்னாடி கயித்தப் புடி. பின்னாடி ஓட்ட ஆளு வேணாமா? எறங்கு, எறங்கு."

அடியில் சேறாக இருக்கும் என்று நினைத்துக் காலை வைத்தேன். சேறில்லை. வழவழப்பான செங்கல். உள்ளங்கையைக் குவித்தது போலத் தரை நடுவில் குழிந்திருந்தது. கணுக்கால் அளவுக்கு வேகமான தண்ணீர், மண்ணைத் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு ஓடியது. மெஸ்காரர் கொடுத்த டார்ச்சை அடித்தேன்.

அன்றைக்கு நான் பார்த்ததை இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் சொல்ல முயன்றிருக்கிறேன். சரியாகச் சொன்னதாக ஒருமுறையும் தோன்றியதில்லை. இரண்டு பக்கச் சுவரும் எங்கள் தலைக்கு மேல் வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. அவ்வளவும் செங்கல். இப்போதைய செங்கல் அல்ல, இரண்டு விரல் கனத்தில் தட்டையாக, பலகாரத் துண்டு போன்றவை. பூச்சு இல்லை. இடையில் சுண்ணாம்புக் கோடு. அந்தக் கோடுகள் நூல் பிடித்தது போல ஓடி, டார்ச் வெளிச்சம் எட்டுகிற தூரம்வரை ஓடி, அதற்கப்பாலும் இருட்டுக்குள் ஓடின. நாங்கள் நின்ற இடத்தில் இடதுபுறத்திலிருந்து இன்னொரு வழி வந்து கலந்தது. அதனால்தான் அங்கே இடம் கொஞ்சம் அகலம், மாடும் அதனால்தான் நின்றிருக்கிறது. இரண்டு கூரையும் கலக்கிற இடத்தில், ஒன்றின் செங்கல் வரிசை மெல்லத் திரும்பி மற்றதன் வரிசைக்குள் நுழைந்து, ஜடை பின்னியது போல ஒன்றாகியிருந்தது. ஒரு தூண் இல்லை, ஓர் இரும்பு இல்லை. மேலே மெஸ்ஸும் பள்ளிக்கூடமும் நிற்கின்றன.

"யாரும்மா கட்டுனது இத?" என்றார் அண்ணி. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கிசுகிசுவென்று கேட்டார். அந்தக் கிசுகிசுப்பு தூரத்துக்குப் போய் எங்களிடமே திரும்பி வந்தது.

நான் செவலையின் கழுத்தைத் தடவி, கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தேன். அதன் விலா இரண்டு பக்கமும் சுவரில் உரசியது. பின்னால் அண்ணி. இடையிடையே கம்பி மூடிகள் வழியாக வெளிச்சம் வட்ட வட்டமாக விழுந்தது. சில இடங்களில் வீட்டுக்காரர்கள் கக்கூஸ் குழாயைச் சொருகியிருந்தார்கள். அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம். அதைத் தாண்டியதும் மறுபடியும் ஈரமண் வாசனை, அந்தக் குளிர்காற்று.

மேலேயிருந்து ஊர் கேட்டது. கிரைண்டர் ஓடுகிற சத்தம். யாரோ தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போட்டார்கள். ஓர் ஓட்டை வழியாக, "ஆ காட்டு, இன்னும் ஒரு வாய்," என்று ஒரு பெண் குழந்தைக்குச் சோறூட்டுகிற குரல் தெளிவாக வந்தது. நாங்கள் அவளுக்கு அடியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவளுக்குத் தெரியாது. பஸ் ஒன்று தலைக்கு மேலே போனது. சுவரில் கை வைத்திருந்தேன், அதிர்வு கையில் ஏறியது. ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கூரை மாறியது. அதுவரை வெறும் செங்கல். இங்கே கைக்கெட்டும் இடைவெளியில் கருங்கல் வளைவுகள், விலா எலும்பு போல, ஒன்றை அடுத்து ஒன்று. அவற்றுக்கு மேலேயும் செங்கல் ஒரு சுற்று அல்ல, இரண்டு மூன்று சுற்றாக அடுக்கியிருந்தது. ஒரு வீதியின் அகலத்துக்கு அப்படி இருந்தது, பிறகு மறுபடி சாதாரணக் கூரை.

"இங்க மட்டும் எதுக்கு அண்ணி கல்லு?"

அண்ணி மாட்டின் முதுகுக்கு மேலாக டார்ச்சை வாங்கி மேலே அடித்தார். வந்த தூரத்தை மனசுக்குள் அளந்திருப்பார் போல. கருங்கல்லில் உள்ளங்கையை வைத்தார்.

"மேல தேர் வீதிம்மா. தேர் வர எடம்."

மலை மாதிரி அசைந்து வரும் அந்தத் தேரைக் கல்யாணத்துக்கு முன்னால் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்திருக்கிறேன். வடம் பிடித்துமிருக்கிறேன். அந்தப் பாரம் இந்த இடத்தைக் கடக்கும் என்று தெரிந்து, மழைத்தண்ணீர் போகிற ஒரு வழியில், யார் கண்ணிலும் படாத இருட்டில், ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். சக்கரம் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று. என்னையறியாமல் நான் கைகூப்பிக் கும்பிட்டிருக்கிறேன். கையில் மாட்டுக் கயிறு இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து காற்று வந்தது. அதுவரை முகத்தில் பட்ட காற்று மாறி முதுகைத் தள்ளியது. அதன் பின்னால், தூரத்தில் லாரி வருவது போல ஒரு சத்தம்.

"தண்ணி வருது. நட," என்றார் அண்ணி.

கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. நிறமும் மாறியது. டார்ச் வெளிச்சத்தில் செம்மண்ணாகச் சுழன்றது. செவலை மிரண்டு நின்றுவிட்டது. இழுத்தேன், அசையவில்லை. தண்ணீர் புடவையைப் பிடித்து இழுத்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது அண்ணி வாயைத் திறந்தார். தெருமுனைவரை கேட்கிற அந்தக் குரல் அந்தச் சுரங்கத்துக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "நடடி! சோம்பேறி! உன் மொதலாளி ஊட்டு மகாராணி மாதிரி நிக்கிறியே, நாளைக்குக் கழுநி வேணுமா வேணாமா? நட!" செங்கல் செங்கலாக அந்தக் குரல் ஓடியது. பழகிய குரல் அல்லவா, செவலை ஓர் அடி வைத்தது. பிறகு இன்னோர் அடி. பிறகு நான் இழுக்க வேண்டியிருக்கவில்லை, அது என்னை இழுத்துக்கொண்டு போனது.

முன்னால் பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. வளைவின் வாயில் மண்டியிருந்த செடிகளை ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க!" என்று கத்தினார்கள். நான், மாடு, அண்ணி என்று வரிசையாகக் குளத்துப் படியில் ஏறினோம். சைக்கிள் கடைக்காரர், மெஸ் ஆட்கள், டீச்சர், வழியில் பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கே நின்றிருந்தார்கள். செவலை மேலேறிய உடனே உடம்பை உதறிவிட்டு, யாரோ விட்டுப்போன பூமாலையைத் தின்ன ஆரம்பித்தது. அண்ணி படியில் உட்கார்ந்து, என் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, சிரித்தார். நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஒதுங்கப் போகவில்லை. ஏனென்றால் அதற்குள் அந்த வளைவு நிரம்பிவிட்டது. நாங்கள் வந்த வழி முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஒரு யானைக் கூட்டம் போல, மலைத்தண்ணீர் பாய்ந்து குளத்தில் விழுந்தது. மலை எங்கே, குளம் எங்கே. எங்கள் அடுப்புகளுக்கும் கட்டில்களுக்கும் அடியில் இத்தனை தண்ணீர் ஒவ்வொரு மழைக்கும் போயிருக்கிறது, ஒருவர் வீட்டுச் சுவரும் நனைந்ததில்லை. நனைந்தபடியே பார்த்துக்கொண்டு நின்றோம். டீச்சர் மட்டும், "அப்பா," என்று ஒரு வார்த்தை சொன்னார்.

என் கணவர் மறுநாள் வந்து கதையைக் கேட்டுச் சிரித்தார். மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்ததும் குளத்துப் பக்கமாக டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்து ஈரக் காலோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சோறு போடட்டுமா என்று கேட்டதற்கு, "தேர் வீதிக்கு அடியில பாத்தியா நீ?" என்றார்.

ஊரில் அதன்பிறகு கொஞ்ச நாள் இதே பேச்சு. சுரங்கம் தங்கள் வீட்டுக்கு அடியில் போகிறது என்று சொல்லிக்கொள்வதில் சிலருக்குப் பெருமை. ராஜா தப்பிப்போகிற வழி என்றார் ஒருவர், நவாப் காலத்துப் புதையல் என்றார் ஒருவர். இட்லிக் கடையில் உட்கார்ந்து அப்படிப் பேசினால் அண்ணிக்குக் கோபம் வரும். "தண்ணி போறதுக்குக் கட்டுனதுய்யா. தண்ணி போறது கம்மியான விஷயமா?" என்பார். கார்த்திகைத் தேரன்று நாங்கள் இருவரும் ஒன்றாகப் போனோம். ஜனங்கள் எல்லோரும் அண்ணாந்து கைகூப்பி நின்றார்கள். அந்த இடத்துக்குத் தேர் வந்தபோது அண்ணி என் கையைப் பிடித்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் தரையைப் பார்த்துக் கும்பிட்டோம்.

ஓடையின் வாயில் பிறகு கம்பி போட்டுவிட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு தெருக்களில் சிமெண்டுச் சாக்கடை வந்தது, அதுவும் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டு ஒவ்வொரு மழைக்கும் வாசலில் பொங்கியது. பழையது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. செவலை பல கன்றுகள் ஈன்று, எங்கள் வீட்டிலேயே கிழமாகிப் போய்ச் சேர்ந்தது. அண்ணி கடையை மருமகளிடம் விட்டுவிட்டார், குரலை விடவில்லை.

பௌர்ணமிக்கு வருகிற வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகும்போது என் கணவர் தேர் வீதியில் வண்டியை மெதுவாக்குவார். கீழே ஒரு வழி இருக்கிறது, என் சம்சாரம் மாட்டோடு அதில் நடந்திருக்கிறாள் என்று ஆரம்பிப்பார். வருஷத்துக்கு வருஷம் அந்தக் கதையில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது, கடைசியாகக் கேட்டபோது என் கழுத்தளவு வந்திருந்தது. ஒருநாள் நானும் முன்சீட்டில் இருந்தேன். பின்னால் இருந்த ஒருவர், யார் கட்டியது என்று கேட்டார். இவர் ஏதோ ஒரு ராஜாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"அது மட்டும் வேணாங்க," என்றேன். "யாருன்னு தெரியாதுன்னே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "யாருன்னு தெரியாது சார்," என்றார். கேட்டவர் ஜன்னல் வழியாகக் குனிந்து வீதியின் தரையைப் பார்த்தார்.